மாமனாரின் சிவப்பு டாங்க்

கல்யாணமாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த புதிதில் மாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் மீன் ஆய்வதைப் பற்றியது அல்ல. "காலையில எந்திரிச்சதும் கதவைத் திறந்து விடு. ஒரு நிமிஷம் நில்லு. பெட்ரோல் வாடை அடிக்குதான்னு பாரு. அப்புறமா அடுப்பைப் பத்த வை" என்றார். புதுக்கோட்டை மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் திருமயம் கோட்டையும் சித்தன்னவாசல் ஓவியமும்தான் ஞாபகம் வரும். எங்களுக்குக் கடலும் உண்டு. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டியே ஊர்கள். இங்கே சின்ன மோட்டார் படகு வைத்திருக்கும் வீடுகளில் எரிபொருள் கேனும் சமையலடுப்பும் பல சமயம் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கும். அதனால்தான் அந்த முதல் பாடம்.

படகின் பின்பக்கம் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தனியாக ஒரு டாங்க் உண்டு. படகுக்குள் காலடியில் கிடக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மோட்டாருக்குப் போகும். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். என் மாமனாரிடம் இருந்தது பழைய காலத்து இரும்பு டாங்க். இரண்டு தாம்பாளங்களை வாயோடு வாய் கவிழ்த்து, சுற்றிலும் விளிம்பை மடித்து ஒட்டியது போல இருக்கும். சிவப்புப் பெயிண்ட். கம்பெனிப் பெயர் எழுதியிருந்த இடத்தில் வெறும் தேய்மானம். இருபத்துநாலு லிட்டர் பிடிக்கும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது அவருடைய படகு துண்டு துண்டாகப் போயிற்று. தென்னை போயிற்று, கூரை போயிற்று. டாங்க் மட்டும் சேற்றிலிருந்து கிடைத்தது. அதை எடுத்து வந்து கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்தவர், பிறகு தொடவேயில்லை. நாங்களும் பேசவில்லை.

சமீபத்தில் கொழுந்தன் ஒரு பழைய ஃபைபர் படகும் மோட்டாரும் விலைக்கு வாங்கினான். டாங்க் கூட வரவில்லை. "அப்பாவோட டாங்க் சும்மாத்தானே கிடக்கு அண்ணி. ஒரு பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்" என்றான்.

மாமியார் முகம் மாறிவிட்டது. காரணம் உண்டு. எங்கள் கடல் அகலமானதல்ல. எதிர்க்கரை இலங்கை. 1974-இல் இரண்டு நாடுகளும் நடுக்கடலில் ஒரு கோடு வகுத்தன. (எங்கள் மாவட்டம் பிறந்ததும் அதே 1974-இல்தான், ஜனவரி 14.) அந்தக் கோட்டை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. மோட்டார் நின்றுபோய், கச்சான் காற்றும் பிடித்துக்கொண்டால், படகு தானாகக் கிழக்கே நகரும். அப்புறம் இலங்கைக் கடற்படை, சிறை, படகு பறிமுதல் என்று குடும்பமே அலைய வேண்டியதுதான். மோட்டார் நிற்பதற்குப் பெரிய கோளாறு தேவையில்லை. டாங்க்கின் அடியில் ஒரு சிட்டிகை துரு போதும். குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். கசிந்தாலோ, சொல்லவே வேண்டாம். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் நெருப்பு.

மாமனார் மகனைப் பார்த்து, "பெயிண்டா? முதல்ல அதோட வயித்தைப் பாரு. சட்டையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். அவருக்குக் கை நடுக்கம். சொல்வது அவர், செய்வது நான் என்று ஏற்பாடு. முதல் காரியமாக என் இரண்டு வயதுக் குழந்தையை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வரவில்லை. பழைய வார்னிஷ் நெடிதான் வந்தது. பெட்ரோலை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் ஆவியாகிறது போக மீதி கெட்டியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு கரண்டி அளவுக்குக்கூட இருக்காது. "காலி டாங்க்தானே மாமா?" என்று கேட்டேன்.

"காலி டாங்க்தான் தாயி ஆளைக் கொல்லும்" என்றார்.

இதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன். எரிவது பெட்ரோலின் ஆவிதான். அந்த ஆவி உறைபனிக் குளிரிலும் எழும்பும் குணமுள்ளது. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம்; அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, அடுத்த அறையில் இருக்கிற அடுப்பைத் தேடிப் போகும். நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். நிறைந்த டாங்க்குக்குள் காற்றுக்கு இடமில்லை, ஆவி மிகுதி. ஒரு கரண்டி மீதமுள்ள டாங்க்கில்தான் கலவை சரியாக அமைந்துவிடுகிறது. பெட்ரோல் டின்னையோ டிரம்மையோ கழுவாமல் வெல்டிங் வைக்கப் போய் உயிரை விட்டவர்கள் செய்தி எத்தனையோ படித்திருக்கிறோம். இரு சக்கர வண்டி டாங்க்குக்கும் இதே கதைதான்.

ஆகவே கொட்டகையில் செய்யாமல் வெட்டவெளியில், காற்றோட்டம் பார்த்து, அடுப்பு அணைத்த நேரத்தில் ஆரம்பித்தோம். மிச்சத்தை ஒரு இரும்புக் கேனில் வடித்து, மூடி போட்டு, பெட்ரோல் எஞ்சின் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினோம். சாக்கடையில் கொட்டக் கூடாது, மண்ணிலும் கூடாது. எங்கள் ஊரில் கிணறும் கடலும் கூப்பிடு தூரத்தில்தான். கைக்கு ரப்பர் உறை கட்டாயம். 2000-ஆம் ஆண்டுக்கு முன் நம் நாட்டுப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்தக் காலத்து டாங்க்கின் கறையில் அதுவும் இருக்கலாம். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெயிலில் விரித்துப் போட்டேன். அந்தப் புடவையைத் தனியாகத் துவைத்தேன்.

பிறகு சலவை சோடாவும் துவைக்கிற பவுடரும் போட்ட சுடுதண்ணீர். வீட்டுக்குள் காய்ச்சி, வெளியே எடுத்து வந்து ஊற்றினோம். டாங்க்கை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஊற்றிக் குலுக்கி, ஊறவிட்டு, வடித்து, மறுபடி. நாலாவது தடவைதான் நுரை வெள்ளையாக வந்தது.

இனி துரு. டார்ச்சு அடித்துப் பார்த்தால் அடியில் செம்மண் மாதிரி. கையோ பிரஷ்ஷோ உள்ளே போகாது. சுத்தமான ஜல்லிக்கல் சின்னதாகப் பொறுக்கி இரண்டு கைப்பிடி போட்டு, தண்ணீரும் விட்டு, நானும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினோம். தொட்டில் ஆட்டுவது போல நிதானமாகச் செய்ய வேண்டும். வேகமாக உலுக்கினால் கல் ஒரே இடத்தில் இடிக்கும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் சத்தம் கேட்டு வேலியோரம் கூடிவிட்டன.

குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் உப்பும் போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். பித்தளைக்கு அது சரி. இரும்புக்கு உப்பு எமன். கடற்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கு ஆகிற கதி போதாதா! உப்பில்லாத புளித்தண்ணீர் துருவை இளக்கும்தான். ஆனால் சக்கை உள்ளே தங்கிவிடும். சமையலுக்கு வாங்குகிற வெள்ளை வினிகர் நல்லது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கிற சிட்ரிக் அமிலமும் (பெயரில்தான் உப்பு, அது வேறு சாமான்) தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். நாங்கள் வினிகர் ஊற்றி இரண்டு நாள் வைத்தோம், பக்கத்துக்கு அரை நாளாகப் புரட்டி. வடித்தபோது காப்பி டிகாக்ஷன் மாதிரி வந்தது. அமிலம் உள்ளே நின்றால் நல்ல இரும்பையும் தின்னும். அதனால் சமையல் சோடா கரைத்து ஊற்றினேன். பொங்கி அடங்கியது. நல்ல தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் கவிழ்த்தோம். இங்கே சோம்பல் கூடாது. சுத்தமான இரும்பு ஈரத்தோடு ஒரு மணி நேரம் இருந்தால் கண்ணெதிரே மறுபடி மஞ்சளிக்கும். காய்ந்ததும், மோட்டாருக்குப் பெட்ரோலில் கலக்கிற எண்ணெயைக் கொஞ்சம் விட்டு உள்ளெல்லாம் படும்படி சுழற்றினோம். தோசைக்கல்லைக் கழுவி எண்ணெய் தடவி வைக்கிறோமே, அதே சங்கதி.

டாங்க்கின் தலையில் திருகி வைத்திருக்கும் பாகத்தில் உறிஞ்சுகுழாய் ஒன்று அடி வரை போகிறது. அதன் நுனியில் டீ வடிகட்டி போல ஒரு மெல்லிய வலை. பக்கத்தில் தக்கையில் செய்த ஒரு மிதவை. எரிபொருள் இறங்க இறங்க அதுவும் இறங்கி, மேலே உள்ள முள்ளைக் காட்டும். வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். ரப்பர் வாஷர், குழாய், குழாய் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டை எல்லாம் புதிதாக மாற்ற வேண்டும் என்று மாமனார் ஒரே பிடிவாதம். அறந்தாங்கி போய் வாங்கி வந்தான். நல்லதாகவே இருக்கிறதே என்று கொழுந்தன் பழைய குழாயை வளைத்துக் காட்டினான். வளைத்த இடத்தில் நெருநெருவென்று வெடிப்பு.

மாமனாரின் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் என்கிற சாராயம் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பரும், தக்கைக்கு மேல் பூசிய அரக்கும் சாராயத்தைத் தாங்கச் செய்தவை அல்ல. ஊறி, உப்பி, கரைந்து வரும். சாராயம் ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் டாங்க்கைப் பாதி நிரப்பி மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தண்ணீர் சேர்ந்து, சாராயத்தோடு அடியில் தனியாகத் தங்கிவிடும். உறிஞ்சுகுழாய் அடியில்தானே இருக்கிறது! முதலில் மோட்டாருக்குப் போவது அந்தத் தண்ணீர்தான்.

வேலைக்கு நடுவில் மாமனார் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊரில் ஓலே எவின்ரூட் என்று ஒரு நார்வேக்காரர். 1906-இல் ஒரு கோடை நாள், ஏரிக்கு நடுவில் தீவில் உட்கார்ந்திருந்தபோது அவர் காதலி பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் தின்ன ஆசை வந்ததாம். அவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் எல்லாம் உருகிவிட்டதாம். அந்த ரோஷத்தில்தான் படகு மோட்டார் செய்ய யோசித்தார் என்று சொல்வார்கள். ஐஸ்கிரீம் உருகியது இருக்கட்டும். எனக்குப் பிடித்தது அடுத்த பாகம். 1909-இல் அவர் மோட்டார் விற்க ஆரம்பித்தபோது விளம்பரம், கடிதப் போக்குவரத்து, வியாபாரம் எல்லாம் பார்த்துக்கொண்டவர் மனைவி பெஸ்தான். 1914-இல் அவருக்கு உடம்பு சரியில்லை என்று கணவர் நன்றாக நடந்த கம்பெனியையே விற்றுவிட்டார். எவின்ரூட் பெயரில் மோட்டார் செய்வது 2020-இல் நின்றுபோயிற்று. மாமனாருக்குக் கடைசிச் செய்தி பிடிக்கவில்லை. பேச்சை மாற்றிவிட்டார்.

மூடியில் இருக்கும் சின்னத் திருகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் களக் களக்கென்று திக்கித் திக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் தாரையாக வரும், இல்லையா? அந்த இரண்டாவது ஓட்டைதான் இந்தத் திருகு. மோட்டார் ஓடும்போது திறந்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, டாங்க்குக்குள் காற்றில்லாமல் உறிஞ்ச முடியாமல் நின்றுவிடும். மோட்டாரையே பிரித்துப் போட்டுத் தேடுவார்கள். குற்றம் திருகில் இருக்கும். தூக்கிப் போகும்போதும் வைத்திருக்கும்போதும் மூட வேண்டும். எங்கள் டாங்க்கில் அது உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துத்தான் அசைந்தது.

பரீட்சை வந்தது. தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி வைத்தோம். தாள் காய்ந்தே இருந்தது. கொழுந்தனுக்கு ஒரே சந்தோஷம். "தண்ணி புகாத இடத்துல பெட்ரோல் புகும்டா" என்றார் மாமனார்.

தண்ணீரை வடித்து உலர்த்தி, திருகை மூடி, குழாய் மாட்டும் மூக்கில் பழைய ரப்பர் துண்டைச் சொருகி சைக்கிள் பம்பை மாட்டினோம். பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மிஷின் இருக்கிறதே, அங்கே கொண்டுபோகிறேன் என்றான் கொழுந்தன். கூடவே கூடாது. கணக்கு நானே போட்டுக் காட்டினேன். டாங்க்கின் அடித்தகடு 45 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம். சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு காற்று போனாலே அந்தத் தகட்டை உள்ளிருந்து நூற்றுத் தொண்ணூறு கிலோ தள்ளும். இரண்டரை மூட்டை அரிசி! டயருக்கு அடிக்கிற மாதிரி முப்பது பவுண்டு அடித்தால் இரண்டே முக்கால் டன். டாங்க் பூரி மாதிரி உப்பித் தையல் பிரிந்துவிடும், கிட்டே நிற்பவர் முகத்தில். சைக்கிள் பம்பில் பத்து அடிக்குள் நிறுத்தினோம்.

சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து, பஞ்சால் விளிம்பைச் சுற்றித் தடவினேன். ஒரு சுற்று முடியப்போகிற சமயம், அடிவிளிம்பின் மூலையில் கடுகு கடுகாக நுரை முளைத்தது. துடைத்தேன். மறுபடி முளைத்தது. ஊசிமுனை அளவு ஓட்டை. துரு அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது; துருவை எடுத்ததும் வெளியே வந்துவிட்டது. கழுவாமல் பெயிண்ட் மட்டும் அடித்திருந்தால் நடுக்கடலில் ஒருநாள் திறந்துகொண்டிருக்கும்.

யாரும் பேசவில்லை. மாமனார் குனிந்து, நடுங்கும் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"பத்த வச்சிரலாம்ப்பா" என்றான் கொழுந்தன் மெதுவாக.

"பத்த வைக்கலாம். ஒரு ஓட்டை தெரிஞ்சா, பக்கத்துல நாலு ஓட்டை வரக் காத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். இது இனிமே கடலுக்கு வராது. நீ புது டாங்க் வாங்கிக்க."

ஆறு வருஷத்துக்கு மேலாக எதையும் கேட்காமல் கொட்டகையில் கிடந்த பொருள் அது. படகோடு போகாமல் அவரிடம் தங்கிய ஒரே சாமான். அவர் வாயாலேயே அதைச் சொன்னார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையில் எங்கு பார்த்தாலும் பழுது பார்க்கிற வேலை நடக்கும். ஈயப்பற்று வைக்கிறவர் ஒருவர் அப்போது துறைமுகத்தில் இருந்தார். அவர் டாங்க்கை முகர்ந்து பார்த்து, மறுபடி ஒருமுறை சுடுதண்ணீரில் கழுவச் சொல்லி, கவிழ்த்து வைத்து, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் வேலையைத் தொட்டார். உள்ளே ஆவி தங்க இடம் வைக்கக் கூடாதாம். இப்படிக் கேட்காமல், "கொண்டா, ரெண்டு நிமிஷம்" என்று வெல்டிங்கைக் கையில் எடுக்கிறவர் இருந்தால் டாங்க்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறுபடி காற்று, மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை இல்லை. கால் டாங்க் பெட்ரோல் ஊற்றி வெளியே செய்தித்தாள் மேல் ஒரு நாள் முழுக்க வைத்தோம். கறை இல்லை. அதற்கப்புறம்தான் பெயிண்ட்.

இந்த நாட்களில் என் மனதில் ஓடியது கடலைவிட எங்கள் வீட்டுக் கூடம்தான். டாங்க்கிலிருந்து எரிபொருள் எடுக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிற ஆண்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் போதும், நிமோனியா மாதிரி ஆகிவிடும். அந்த ரப்பர் உருண்டை இருப்பதே அதற்காகத்தான். இரண்டு அமுக்கு அமுக்கினால் எரிபொருள் தானே வரும். குழந்தைகள் கதை இன்னும் மோசம். மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ கலர் பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள்; தாகமெடுத்த குழந்தைக்கு அது கலர்தான். அப்படிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், முட்டை எதுவும் வேண்டாம். வாந்தி வரும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. நனைந்த துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. அப்போதைக்குச் சிரிக்கிறது, விளையாடுகிறது என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் வரும். எங்கள் வீட்டில் இப்போது எரிபொருள் கேனுக்கு வெளியே பூட்டுப் போட்ட தனி மரப்பெட்டி. சாவி மாமியார் இடுப்பில்.

கொழுந்தன் புது பிளாஸ்டிக் டாங்க்கோடு கடலுக்குப் போகிறான். சிவப்பு டாங்க்குக்கும் வேலை இருக்கிறது. பழுது பார்த்த மோட்டாரைக் கடலில் இறக்குவதற்கு முன் கரையில் தண்ணீர் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு இது போதும். முதல் நாள் மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ரப்பர் உருண்டையை அமுக்கினேன், அது கல் மாதிரி இறுகும் வரை. "திருகு?" என்றார். திறந்து வைத்திருந்தேன். கொழுந்தன் கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிஷம் ஓடியது. மாமனார் அவ்வளவு நேரமும் மோட்டாரைப் பார்க்கவில்லை. டாங்க்கின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.